520 உயிரைக் குடித்த ‘ஒத்தை வரிசை ரிவிட்’! உலகப் புகழ் பாடகரும் பலியான விமான விபத்தில் 40 ஆண்டாகியும் கூண்டில் ஏறாத குற்றவாளிகள்

ஒரே ஒரு பாட்டால் அமெரிக்காவையே ஆட்டி வைத்த ஜப்பான் பாடகர் கியூ சகாமோட்டோ, ஆகாய விமான விபத்தில் பரிதாபமாகப் பலியாகி 40 ஆண்டுகள் தாண்டி விட்டன.

அவரோடு சேர்த்து அன்று செத்தவர்கள் மொத்தம் 520 பேர். ஒற்றை விமானம் விழுந்து இத்தனை உயிர் போனது உலகத்திலேயே அதுதான்.

விபத்துக்குக் காரணம் என்ன என்பது தெரியும். தப்பு எந்த இடத்தில் நடந்தது, எந்த மாதம் நடந்தது, எந்தக் கம்பெனி ஆட்கள் செய்தார்கள் என்பதும் தெரியும்.

ஆனால் ஒருத்தர் கூடக் கோர்ட்டுக் கூண்டில் ஏறவில்லை. ஒருவருக்கு ஒரு நாள் ஜெயில் கூட இல்லை!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பண்டிகைக் கூட்டம்

1985-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி. திங்கட்கிழமை. ஜப்பானில் அப்போது ‘ஓபோன்’ பண்டிகைச் சமயம். செத்துப் போன முன்னோரை நினைத்துக் கும்பிடுவதற்காக எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்புகிற நேரம்.

ரெயில், பஸ், விமானம் எதிலும் இடம் இல்லை. டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஒசாகா போகிற விமானத்தில் ஏறக்குறைய எல்லா சீட்டும் நிரம்பி விட்டது.

அது ஜப்பான் ஏர்லைன்ஸ் கம்பெனியின் 123-ம் நம்பர் விமானம். போயிங் 747 ரகம். பயணிகள் 509 பேர், விமானி, பணிப்பெண்கள் உள்பட சிப்பந்திகள் 15 பேர். ஆக 524 பேர். அதில் கைக்குழந்தைகளும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் பாடகர் சகாமோட்டோவும் டிக்கெட்டோடு ஏறி உட்கார்ந்தார். அவருக்கு வயது 43. மனைவி நடிகை. இரண்டு பெண் குழந்தைகள்.

யார் இந்த சகாமோட்டோ?

1941-ம் ஆண்டு டிசம்பரில் கவாசாகி நகரில் பிறந்தவர். இளம் வயதிலேயே மேடை ஏறினார். சினிமா, டெலிவிஷன் என்று எல்லாவற்றிலும் புகுந்தார். சிரித்த முகம். ஜப்பானில் அவரைத் தெரியாத வீடு கிடையாது.

1961-ல் அவர் ஒரு பாட்டுப் பாடினார். ‘மேலே பார்த்து நடப்போம்’ என்பது அதன் தலைப்புக்கு அர்த்தம். கண்ணில் முட்டுகிற தண்ணீர் கீழே விழாமல் இருப்பதற்காக ஒருவன் அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறான். அதுதான் பாட்டின் சங்கதி.

எழுதியவர் ரோகுசுகே எய். இசை அமைத்தவர் ஹச்சிடாய் நாகாமுரா. காதல் தோல்விப் பாட்டு என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அமெரிக்காவோடு ஜப்பான் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து 1960-ல் போராட்டம் நடந்தது. அது தோற்றுப் போன வருத்தத்தில்தான் எய் அதை எழுதினார்.

அந்தப் பாட்டு கடல் தாண்டிப் போனபோது ஒரு வேடிக்கை நடந்தது. ஜப்பான் தலைப்பு வெள்ளைக்காரர்கள் வாயில் நுழையவில்லை. ‘சுகியாக்கி’ என்று பெயரை மாற்றி விட்டார்கள். அது ஜப்பானில் மாட்டு இறைச்சியில் செய்கிற ஒரு சாப்பாட்டுப் பண்டம்! பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இருந்தாலும் பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. 1963 ஜூன் மாதம் அமெரிக்க ‘பில்போர்டு’ வரிசையில் முதல் இடம். அதுவும் தொடர்ந்து 3 வாரம்! ஜப்பான் மொழிப் பாட்டு அங்கே முதல் இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. யுத்தம் முடிந்து 18 வருடம்தான் ஆகியிருந்தது. சண்டை போட்ட நாட்டுக்காரன் பாஷை புரியாமலே அமெரிக்கர்கள் முணுமுணுத்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதர்தான் அன்று அந்த விமானத்தில் ஏறினார்.

‘டமார்’ என்று சத்தம்

மாலை 6-12 மணிக்கு விமானம் கிளம்பியது. ஒசாகாவுக்கு ஒரு மணி நேரம் கூட ஆகாது.

சரியாக 12 நிமிடம். விமானம் 24 ஆயிரம் அடி உயரத்தை எட்டுகிற நேரம். பின்பக்கத்தில் ‘டமார்’ என்று ஒரு சத்தம். உள்ளே வெள்ளைப் புகை மாதிரிப் பனிமூட்டம் பரவியது. மூச்சு விடுவதற்கான முகமூடிகள் மேலே இருந்து தொங்கின.

விமானி அறையில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. ஹனேடாவுக்கே திரும்புகிறோம் என்று தரைக்குத் தகவல் கொடுத்தார்கள். ஆனால் விமானம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். விமானத்தின் வாலில் செங்குத்தாக நிற்கிற பெரிய துடுப்பு பிய்த்துக்கொண்டு கடலில் விழுந்து விட்டது. விமானத்தைத் திருப்புவதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் ஹைட்ராலிக் எண்ணெய் வேண்டும். அது போகிற குழாய்கள் 4 தொகுதி. ஒன்று போனால் இன்னொன்று உதவட்டும் என்றுதான் நான்கு வைத்தார்கள். ஆனால் நான்கும் வால் பக்கம் ஒரே இடத்தின் வழியாகப் போனதால் நான்கும் ஒரே அடியில் அறுந்தன.

ஸ்டீரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை என்கிற நிலையில் ஓடுகிற பஸ் மாதிரி ஆகி விட்டது. அதுவும் ஆகாயத்தில்!

32 நிமிடப் போராட்டம்

விமானி மசாமி தகஹாமாவுக்கு வயது 49. அனுபவசாலி. அவரும் உடன் இருந்த இருவரும் கடைசி வரை கையை விடவில்லை.

எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்பப் பார்த்தார்கள். சக்கரத்தை இறக்கி வேகத்தைக் குறைத்தார்கள். விமானம் மேலே ஏறுவதும் கீழே பாய்வதும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவதுமாக இருந்தது. பியூஜி மலைப் பக்கமாகப் போய் மலைக்காட்டுக்குள் நுழைந்து விட்டது.

32 நிமிடம் இப்படியே போனது.

பயணிகளில் சிலர் கையில் கிடைத்த காகிதத்திலும் டைரியிலும் பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார்கள். பிறகு அவை இடிபாட்டில் கிடைத்தன. படித்த நாடே அழுதது.

6-56 மணி. குன்மா மாவட்டம் உவேனோ கிராமத்தை ஒட்டிய மலையில் விமானம் மோதிச் சுக்குநூறாகித் தீப்பிடித்தது.

பிறகு பயிற்சிக் கருவியில் இதே மாதிரி நிலைமையை உண்டாக்கி வேறு விமானிகளை ஓட்டச் சொன்னார்கள். ஒருவராலும் பத்திரமாகத் தரை இறக்க முடியவில்லை. 32 நிமிடம் ஆகாயத்தில் வைத்திருந்ததே பெரிய காரியம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

விடிய விடியக் காத்திருந்த உயிர்கள்

இந்த விபத்தில் நெஞ்சைப் பிசைகிற விஷயம் இனிமேல்தான் வருகிறது.

விமானம் விழுந்து ஏறக்குறைய 20 நிமிடத்தில் அமெரிக்க விமானப்படை விமானம் ஒன்று அந்த மலைக்கு மேலே வந்து தீயையும் புகையையும் பார்த்து விட்டது. ஜப்பானில் இருக்கும் அமெரிக்கத் தளத்தில் இருந்து ஹெலிகாப்டரும் வந்தது. ஆனால் இறங்காமல் திரும்பி வரச்சொல்லி விட்டார்கள் என்று அந்த விமானத்தில் இருந்த அதிகாரியே 1995-ல் வெளியிட்டார்.

ஜப்பான் தரப்பில் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதற்கே ராத்திரி முழுவதும் போய் விட்டது. இருட்டு, செங்குத்தான மலை, பாதை கிடையாது. யாரும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. மறுநாள் காலையில்தான் மீட்புப் படை போய்ச் சேர்ந்தது.

போனவர்களுக்கு ஆச்சரியம். 4 பேர் உயிரோடு இருந்தார்கள்! நான்கு பேரும் பெண்கள். ஒரு தாயும் 8 வயது மகளும், ஒரு 12 வயதுச் சிறுமி, வேலை இல்லாத நாளில் பயணியாக வந்த விமானப் பணிப்பெண் ஒருவர். எல்லோரும் பின்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள்.

விழுந்த பிறகு பல குரல்கள் கேட்டன, நேரம் ஆக ஆக ஒவ்வொன்றாக அடங்கிப் போயின என்று அந்தப் பணிப்பெண் சொன்னார்.

அதாவது விழுந்த உடனே எல்லோரும் சாகவில்லை. ராத்திரியே ஆள் போயிருந்தால் இன்னும் சில உயிர் தப்பியிருக்கும் என்ற கேள்வி ஜப்பானில் இன்று வரை ஓயவில்லை.

பாடகர் சகாமோட்டோவின் உடல் சில நாட்கள் கழித்துத்தான் அடையாளம் காணப்பட்டது.

குற்றம் நடந்தது 7 வருடம் முன்னால்!

இனி ‘கேசு’க்கு வருவோம்.

போலீஸ் பாஷையில் சொன்னால், சாவு நடந்தது 1985-ல். குற்றம் நடந்தது 1978-ல்.

1978 ஜூன் 2-ந் தேதி இதே விமானம் ஒசாகாவில் இறங்கும்போது மூக்கு தூக்கலாக இருந்ததால் வால் ஓடுபாதையில் உரசி விட்டது. அடிப்பக்கம் நசுங்கியது. உள்ளே இருந்த ஒரு தடுப்புச் சுவரும் சேதம் ஆனது.

இந்தத் தடுப்புச் சுவர் என்ன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும்.

விமானம் உயரே போனால் வெளியே காற்று மிகக் குறைவு. மனிதன் மூச்சு விட முடியாது. அதனால் பயணிகள் இருக்கிற பகுதிக்குள் காற்றை அடைத்து வைக்கிறார்கள். சைக்கிள் டியூபில் காற்று அடிக்கிற மாதிரி. வால் பகுதியில் ஆள் இல்லை. அங்கே காற்று அடைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் விரித்த குடை மாதிரி ஓர் அலுமினியச் சுவர். அதுதான் அந்தத் தடுப்பு.

ஒவ்வொரு தடவை ஏறும்போதும் அந்தக் குடை உள்காற்றின் அழுத்தத்தால் விம்மும். இறங்கினால் தளரும். அது பிய்ந்தால் உள்ளே அடைத்த காற்று அவ்வளவும் வாலுக்குள் பாயும்.

‘ரெட்டைத் தையல்’ போட வேண்டிய இடத்தில்...

ரிப்பேர் செய்ய விமானத்தைத் தயாரித்த போயிங் கம்பெனியே ஆட்களை அனுப்பியது. சேதமான கீழ்ப்பாதிக் குடையை எடுத்து விட்டுப் புதிதாகப் பொருத்தினார்கள். பழைய மேல்பாதியும் புதிய கீழ்ப்பாதியும் சேர்கிற இடத்தில்தான் வினை.

நடுவில் ஒரே பட்டையாகத் தகடு வைத்து, இரண்டு வரிசை ரிவிட் பாரம் தாங்கும்படி இணைக்க வேண்டும். அதுதான் கம்பெனி என்ஜினீயர் கொடுத்த கணக்கு.

ஆனால் வேலை செய்தவர்கள் அந்தத் தகட்டை இரண்டாக வெட்டி வைத்து விட்டார்கள். வெளியே பார்த்தால் ரிவிட் எல்லாம் வரிசையாகத்தான் தெரியும். ஆனால் பாரம் முழுவதையும் தாங்கியது ஒரே ஒரு வரிசை. ரெட்டைத் தையல் போட வேண்டிய இடத்தில் ஒத்தைத் தையல் போட்டுத் துணியைக் கொடுத்த கதை!

அந்த இணைப்பின் பலம் 70 சதவீதமாகக் குறைந்து விட்டது. விளிம்பில் கசிவை அடைக்கிற பசையையும் பூசி விட்டதால் உள்ளே இருந்த தப்பு கண்ணுக்குப் படவில்லை. வேலை சரி என்று கையெழுத்தும் ஆகி விட்டது.

இப்படி இணைத்தால் சுமார் 10 ஆயிரம் தடவை பறப்பதற்குத்தான் தாங்கும் என்று விபத்துக்குப் பிறகு கணக்குப் போட்டார்கள்.

அந்த விமானம் ரிப்பேருக்குப் பின் பறந்தது 12 ஆயிரம் தடவைக்கும் மேல்!

நடுவில் எத்தனையோ சோதனை நடந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸ் ஆட்களும் பார்த்தார்கள். ரிவிட் துளைகளைச் சுற்றி மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடிக்கொண்டிருந்ததை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. உள்ளூர் ஓட்டத்துக்கான விமானம் என்பதால் ஒரு நாளில் பல தடவை ஏறி இறங்கியது. அது ஒவ்வொன்றும் வெடிப்பை ஒரு நூல் நீட்டியது.

ஆகஸ்டு 12-ந் தேதி மாலை தையல் விட்டது. பாய்ந்த காற்று வாலைப் பிய்த்து எறிந்தது.

மறுநாள் சகாமி விரிகுடாவில் வால் துண்டு மிதந்ததைக் கப்பல்காரர்கள் எடுத்தார்கள். மலையில் கிடைத்த குடைச் சுவரில் பழைய வெடிப்பின் தடயம் இருந்தது. 1987 ஜூனில் வெளியான விசாரணைக் கமிஷன் அறிக்கை இதைத்தான் காரணமாகச் சொன்னது.

ராணுவ ஏவுகணை பட்டு விட்டது என்று புத்தகம் போட்டவர்களும் உண்டு. அந்த வதந்திக்கு இடம் தருகிற எதையும் விசாரணை அறிக்கை சொல்லவில்லை.

கைது ஏன் இல்லை?

விபத்து நடந்த அடுத்த மாதமே, ரிப்பேரில் தவறு நடந்தது உண்மைதான் என்று போயிங் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஜப்பான் ஏர்லைன்ஸ் தலைவர் தகாகி பதவி விலகினார். அந்தக் கம்பெனியின் பராமரிப்புப் பிரிவு மானேஜர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். ரிப்பேர் செய்தவர் அவர் அல்ல. என்றாலும் மனசாட்சி விடவில்லை.

குன்மா போலீசார் 3 வருடம் துருவினார்கள். 1988-ல் 20 பேர் மீது, கவனக்குறைவால் சாவு ஏற்படுத்தியதாக அரசு வக்கீல்களுக்குக் கட்டுக் கட்டாகக் காகிதம் போனது. ஜப்பான் ஏர்லைன்ஸ், போயிங், போக்குவரத்து இலாகா என்று மூன்று பக்கத்து ஆட்களும் அதில் இருந்தார்கள்.

ஆனால் ரிவிட் அடித்தவர்கள் இருந்தது அமெரிக்காவில். அவர்களை நேரில் உட்கார வைத்து ஜப்பான் அதிகாரிகளால் விசாரிக்க முடியவில்லை. யார் தகட்டை வெட்டியது, ஏன் வெட்டினார், யார் சரி என்று சொன்னது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் வரவில்லை.

1989-ல் அரசு வக்கீல்கள் வழக்குப் போடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். குடும்பத்தார் மறுபடியும் மனுப் போட்டார்கள். பலன் இல்லை. 1990 ஆகஸ்டு 12-ந் தேதியோடு சட்டப்படி கெடு தீர்ந்தது. கட்டைக் கட்டி வைத்து விட்டார்கள்.

இதில் இரண்டு பக்க நியாயமும் உண்டு. வேலை செய்தவனை ஜெயிலில் போடுவேன் என்றால் அவன் வாயைத் திறக்க மாட்டான், உண்மை வெளியே வராது, அடுத்த விபத்தைத் தடுக்க முடியாது என்கிறார்கள் விமான உலகத்தார். அது வெறும் சாக்கு அல்ல.

ஆனால் இந்தக் கேசில் தண்டனையும் இல்லை, முழு உண்மையும் இல்லை. தகட்டை ஏன் வெட்டினார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வாயைத் திறக்க வைப்பதற்காகத்தான் விடுகிறோம் என்றால், திறந்திருக்க வேண்டுமே! குடும்பத்தார் கேட்பது இதைத்தான்.

படித்தவர்களும் படிக்காதவர்களும்

இந்த விபத்துக்குப் பிறகு சில மாற்றம் வந்தது. வால் பக்கம் குழாய் அறுந்தாலும் எண்ணெய் முழுவதும் கொட்டி விடாமல் தடுக்கிற அடைப்பான் 747 விமானங்களில் பொருத்தப்பட்டது. பாய்கிற காற்று வால் துடுப்புக்குள் புகாமல் இருக்க மூடி போட்டார்கள்.

1989-ல் அமெரிக்காவில் யுனைடெட் கம்பெனி விமானம் ஒன்றுக்கு இதே மாதிரி ஹைட்ராலிக் முழுவதும் போனது. பயணியாக வந்த பயிற்சி விமானி ஒருவர் ஜப்பான் விபத்தைப் படித்து, எஞ்சினை மட்டும் வைத்துத் திருப்புவதைப் பழகிப் பார்த்தவர். அவர் ஓடி வந்து கை கொடுத்தார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

படித்தவர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். படிக்காதவர்கள்?

2002-ம் ஆண்டு மே 25-ந் தேதி சைனா ஏர்லைன்ஸ் 747 விமானம் தைவானில் இருந்து ஹாங்காங் போகும்போது நடுவானில் உடைந்தது. 225 பேரும் பலி. காரணம் என்ன தெரியுமா? 1980-ல் அந்த விமானத்தின் வால் ஓடுபாதையில் உரசியது. கீறல் விழுந்த தகட்டை வெட்டி எடுக்காமல் மேலே இன்னொரு தகட்டை வைத்து மூடி விட்டார்கள். 22 வருடம் உள்ளுக்குள் வெடித்து வந்தது.

அதே வால் உரசல், அதே ஒட்டு ரிப்பேர், அதே ‘சரி’ கையெழுத்து! ஜப்பானில் 520 பேர் செத்த பிறகும் அந்தப் பழைய ஒட்டை ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பிரபலங்கள் சாவும் டிக்கெட் பயணியும்

பாடகர்கள் விமான விபத்தில் சாவது புதிது இல்லை. 1959-ல் அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலி, 2001-ல் பாடகி ஆலியா, 2021-ல் பிரேசில் பாடகி மரிலியா மெண்டோன்சா என்று பெரிய பட்டியலே உண்டு.

ஆனால் அவர்களில் பலர் போனது வாடகைக்குப் பிடித்த சின்ன விமானத்தில். அடுத்த கச்சேரிக்கு அவசரம், மோசமான வானிலை, அளவுக்கு மீறிய பாரம் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். ஆலியா போன விமானத்தில் அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருந்தார்கள். ஏறாமல் இருந்திருக்கலாமே என்று சொல்ல அங்கே இடம் உண்டு.

சகாமோட்டோ விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பெரிய கம்பெனி, பெரிய விமானம், அனுபவமுள்ள விமானி, நல்ல வானிலை. எல்லோரையும் போல டிக்கெட் எடுத்து, எல்லோரையும் போல பெல்ட் போட்டு உட்கார்ந்தார். வாலில் ஒத்தை வரிசை ரிவிட் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து சீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?

பஸ்சில் ஏறுகிறவன் அச்சாணியைக் குனிந்து பார்த்து விட்டா ஏறுகிறான்? பார்த்தவர் ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் ஏறுகிறான். அந்தக் கையெழுத்து பொய்த்தால் பாடகனும் ஒன்றுதான், பண்டிகைக்கு ஊருக்குப் போன குமாஸ்தாவும் ஒன்றுதான்.

உடைந்த சுவர் சாட்சி

ஹனேடா விமான நிலையத்தின் பக்கத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் கம்பெனி 2006-ல் ஒரு பாதுகாப்பு மையம் திறந்தது. பிய்ந்து போன அந்தக் குடைச் சுவரை அங்கே வைத்திருக்கிறார்கள். கசங்கிய நாற்காலிகள், பயணிகள் எழுதிய கடைசிக் கடிதங்கள் எல்லாம் உண்டு. வேலைக்குச் சேருகிறவர்களை அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள்.

விபத்தின்போது வேலையில் இருந்தவர்களில் அநேகமாக எல்லோரும் ஓய்வு பெற்று விட்டார்கள். இப்போது ரிவிட் அடிக்கிறவர்களில் பலர் அதற்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்கு அந்த உடைந்த சுவரை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

2011-ல் ஜப்பானைச் சுனாமி அடித்தபோது, வீடு வாசல் இழந்தவர்களைத் தேற்ற சகாமோட்டோவின் பழைய பாட்டைத்தான் பாடினார்கள். ஆகாயத்தில் ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஆகஸ்டு 12-ந் தேதியும் செத்தவர்களின் குடும்பத்தார் மலை ஏறுகிறார்கள். 40-ம் ஆண்டான 2025-லும் ஏறினார்கள். அன்று கைக்குழந்தையாக இருந்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். ஏற முடியாத வயசாளிகள் அடிவாரத்தில் நின்று கும்பிடுகிறார்கள்.

தகட்டை வெட்டியது யார் என்பது மட்டும் அவர்களுக்கு இன்று வரை தெரியாது.